மேல் பெயின்ட் எப்ப அடிப்பீங்க?

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கல்முனையில் மெயின் ரோட்டுக்கு மேற்கே, வயல் காற்றும் கடல் காற்றும் மாறி மாறி அடிக்கிற ஒரு தெருவில் எங்கள் வீடு. எனக்குக் கலியாணம் பேசி முடித்திருந்த நேரம் அது. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த கையோடு நிக்காஹ் என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பக்கத்து வழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரு பெயின்ட் விஷயத்துக்கு இவள் ஏன் இந்தப் பாடு பட்டாள் என்று நினைப்பீர்கள். எங்களில் கலியாணம் முடித்த பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். பெண்ணின் தாய் தகப்பன் தாங்கள் இருந்த வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவில் பின்னால் ஒரு சின்ன வீட்டுக்கு ஒதுங்கிக்கொள்வார்கள். என் அண்ணன்மார், எங்கள் பேச்சில் காக்காமார், அவர்களும் அப்படித்தான், கலியாணம் முடித்து அவரவர் மனைவிமாரின் வீட்டோடு போய்விட்டார்கள். நான் ஒரே பெண். ஆகவே நான் பிறந்து வளர்ந்த வீடு எனக்கு. பின்னால் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் இரண்டு அறையும் சமைக்க ஒரு குசினியும் கட்டி, சீமெந்துப் பூச்சோடு நின்றது.

கொடுக்கிற வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பதென்றால் அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் லேசுப்பட்ட காரியமா? கிளிப்பச்சை, மயில் நீலம், கத்துகிற மஞ்சள், ஹோலுக்கு ரோஸ் என்று ஒரு பெருநாளே நடக்கும். சைக்கிளில் போகிறவன் ஒரு காலை ஊன்றி நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டும். வீடு கொடுத்த தகப்பனுக்கு மரியாதை அதிலேதான் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். எங்கள் வாப்பாவும் அப்படித்தான். சம்மாந்துறைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. அந்தப் போகம் நன்றாக விளைந்திருந்தது. மயில் நீலம் அடிக்க வேண்டும் என்று வாப்பா எப்போதோ மனதில் முடிவு கட்டி வைத்திருந்தார்.

ஆனால் எனக்கு அந்த நிறங்களைக் கண்டாலே ஆகாது. காரணம் என் தொழில். நான் வீட்டிலிருந்தே தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஊரில் முக்கால்வாசிக் கலியாணப் பெண்களின் உடுப்பு என் மெசினில்தான் ஏறி இறங்கும். விடிந்தால் பொழுதுபட்டால் சாட்டின், ஜரிகை, மினுங்குகிற நூல், பளபளக்கிற பாசி. நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையை நிமிர்த்தினால், எதிரே சுவரும் பளீரென்று கத்தினால் கண் என்னத்துக்கு ஆகும்? நிமிர்ந்து பார்த்தால் கண் போய்ச் சாய்ந்துகொள்ள ஒரு சுவர் வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

பெயின்ட் கடையில் தந்த நிற அட்டையில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. நகம் அளவு நிறத்தைக் காட்டிவிட்டு வீடு முழுக்க அடி என்றால் எப்படி? தையல்காரிக்குத் தெரிந்தது துணி. என் துண்டுத் துணி மூட்டையை அவிழ்த்து, வெளிறின நிறங்களாகப் பொறுக்கி எடுத்து, கஞ்சிப் பசையால் சுவரில் ஒட்டிவைத்தேன். காலை வெயில் யன்னலால் விழும்போது ஒருமுறை, வெயில் உச்சிக்குப் போனதும் ஒருமுறை, மஃரிபுக்கு லைட் போட்ட பிறகு ஒருமுறை என்று நின்று நின்று பார்த்தேன். காலையில் அழகாக இருந்த துணி லைட் வெளிச்சத்தில் காய்ச்சல்காரனின் முகம் மாதிரி ஆகிவிடும். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்றை ஒட்டுவேன்.

வாப்பா இதைப் பார்த்துச் சிரியோ சிரி என்று சிரித்தார். "என்ன மகள், சுவருக்குச் சட்ட தைக்கப் போறியா?" என்றார். உம்மா வீடு கூட்டுகிற தும்புத்தடியோடு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போவா, துணிகளைப் பார்ப்பா, ஒன்றும் சொல்ல மாட்டா. எங்கள் உம்மா அப்படித்தான். பேச்சு என்றாலே அவவுக்குச் செலவு மாதிரி. அந்த வாயை எல்லாம் சேர்த்து எனக்குத் தந்துவிட்டா என்று காக்காமார் பகிடி பண்ணுவார்கள்.

கடைசியில் முடிவுக்கு வந்தேன். ஹோலுக்கு எருமைத் தயிரின் மேல் படிகிற ஆடையின் நிறம். படுக்கிற அறைக்கு ஒரு மங்கல் பச்சை; பாசிப்பயறு வெயிலில் கிடந்து வெளிறினால் ஒரு பச்சை வருமே, அது. தையல் அறைக்குச் சாம்பல் தட்டின இளம் ரோஸ். இந்த நிறங்கள் எதுவும் கடையில் இல்லை. வெள்ளைப் பெயின்டை வாங்கி வைத்துக்கொண்டு, அக்கரைப்பற்றிலிருந்து வந்த பெயின்டர் காக்காவிடம் கலர்ச் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னேன். பக்கத்தில் துணித் துண்டோடு நான் நின்றேன். "வாளிக்குள்ள கலர் விழ முதலே போதும் போதும் எண்டுறாய். இப்புடி அடிச்சா அடிச்ச மாதிரியே இரிக்காது புள்ள" என்று அவர் புறுபுறுத்தார். புறுபுறுத்தாலும் அடித்தார்.

வாப்பா அந்த நாட்களில் வயல் வெட்டு என்று அங்கே கட்டியிருந்த வாடிக் குடிலிலேயே கிடந்தார். வந்து பார்த்தபோது வீடு முடிந்திருந்தது. சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டு போனார். "நல்லாத்தான் இரிக்கி" என்றார். அந்த 'தான்' எனக்குப் பிடிபடாமல் இல்லை. ஆனாலும் ஒரே மகள் என்று விட்டுக்கொடுத்தார். எனக்கோ, அல்ஹம்துலில்லாஹ், வீட்டுக்குள் நடந்தாலே கால் நிலத்தில் படவில்லை.

அந்தச் சந்தோசத்துக்கு ஆயுசு குறைவு. ஒருநாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளையின் உம்மாவும் அவருடைய பெண் மக்களும் வீடு பார்க்க வந்தார்கள். இதுவும் வழக்கம்தான். மகன் வந்து வாழப்போகிற வீட்டைத் தாய் வந்து பார்த்துப் போவா. அந்த நேரம் மணப்பெண் முன்னால் போகக்கூடாது. நான் அறைக்குள் நின்று திரைச்சேலை இடுக்கால் எல்லாவற்றையும் பார்த்தேன். உம்மா பலகாரத் தட்டை வைத்தா. வாப்பா கழுவின சாரனும் வெள்ளைச் சேட்டுமாக நின்றார்.

வருங்கால மாமி ஹோலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தா. சுவரைக் கையால் தடவிப் பார்த்தா. முகத்தில் நல்ல திருப்தி. பிறகு வாப்பாவைப் பார்த்து, மனதில் ஒரு கள்ளமும் இல்லாமல் கேட்டா:

"அண்டர்கோட் வடிவா அடிச்சிருக்காங்க. மேல் பெயின்ட் எப்ப அடிப்பீங்க? நாள் கிட்டிட்டே."

யா அல்லாஹ்! நான் பார்த்துப் பார்த்து எடுத்த நிறத்தை, உண்மையான பெயின்டுக்கு முன்னால் அடிக்கிற முதல் பூச்சு என்று நினைத்துவிட்டா மனுசி! அவவைக் குற்றம் சொல்லவும் ஏலாது. எங்கள் ஊரில் அப்படி ஒரு நிறத்தில் முடிந்த வீட்டை யார் கண்டது? குத்திக் கதைத்திருந்தாலாவது கோபப்பட்டிருப்பேன். அவ வேலை எப்போது முடியும் என்ற கவலையில் கேட்டா.

வாப்பாவின் முகம் கறுத்துப் போனது. ஒரு செருமல் செருமினார். "ஓம், ஓம். இந்தக் கிழமைக்குள்ள அடிச்சிரிவம், இன்ஷா அல்லாஹ்" என்றார்.

அவர்கள் தெருமுனை தாண்டினார்களோ இல்லையோ, நான் வெளியே வந்தேன். பிறகு நடந்ததை அக்கம்பக்கம் எல்லாம் கேட்டிருக்கும். அடித்து முடித்த வீட்டுக்கு இன்னும் அடிக்க வேண்டும் என்று ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று நான். "நெல்லு வித்த காச மடிக்குள்ள கட்டிக்கிட்டு, வெள்ளைத் தண்ணிய அடிச்சி மகள்ட ஊட்ட ஒப்பேத்திட்டான் எண்டு ஊர் கதைக்கும். கேட்டுட்டு இரிக்கச் சொல்றியா?" என்று வாப்பா.

"இந்த ஊடு எனக்கா, மாப்பிள்ள ஊட்டாருக்கா?" என்று கேட்டேன்.

வாப்பா குரலை இறக்கி, "ஊடு ஒனக்குத்தான் மகள். ஆனா ஊர் பார்க்கிறது என்ட முகத்த" என்றார்.

அவர் சொன்னதிலும் பிழை இல்லை. விருந்தில் இறைச்சி பத்தவில்லை என்பதற்காக முகம் முறிந்துபோன சம்பந்தங்களை நாங்கள் கண்டிருக்கிறோம். அடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு அடிக்காமல் விட்டால் வாப்பாவின் வாக்குப் போகும். கலியாணத்துக்கு முன்னாலேயே வாக்குத் தவறின ஆள் என்று பெயர் எடுத்தால், அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று யாருக்குத் தெரியும்? அடித்தாலோ, ஆயுசு முழுக்க நான் மயில் நீலத்துக்குள் இருந்து தைக்க வேண்டும். சொன்னால் சிரிப்பீர்கள், நான் அறைக்குள் போய்ப் படுத்து அழுதேன். சோறும் தின்னவில்லை.

அடுத்தநாள் வாப்பா போய் நீல டின்களை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அது யுத்த காலம்; வழியில் சோதனைச் சாவடியில் ஒவ்வொரு மூடியையும் திறக்க வைத்து, குச்சி விட்டுக் கிளறிப் பார்த்தார்களாம். அவருடைய சாரனில் நீலம் நீலமாகத் தெறித்திருந்தது. அதற்கடுத்த நாள் பெயின்டர் காக்கா வந்தார். "நான் அண்டைக்கே சொன்னன்" என்று என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. ஹோல் வாசலுக்குப் பக்கத்தில் ஏணியை வைத்து, பிரஷை நனைத்து, ஒரு இழுப்பு இழுத்தார். தயிர் ஆடை நிறத்துக்கு மேலே ஒரு முழம் நீலம்.

அப்போதுதான் உம்மா குசினிக்குள் இருந்து வந்தா. கையைத் துடைத்துக்கொண்டு அந்த நீலத்தைப் பார்த்தா, என் முகத்தைப் பார்த்தா. "காக்கா, கொஞ்சம் நிப்பாட்டுங்க. நான் வந்த மறுகா அடிக்கலாம்" என்றா. வாப்பா தொழப் பள்ளிக்குப் போயிருந்தார். உம்மா முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டு, வாப்பாவின் கறுப்புக் குடையை எடுத்தா. "எங்க போறீங்க?" என்றேன். "கடைப் பக்கம் போய்த்து வாறன்" என்றா. எங்கள் உம்மா தனியாகக் கடைக்குப் போய் நான் கண்டதே இல்லை. உச்சி வெயிலில் அந்தக் குடை தெருவில் போவதைக் வாசல் கடப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நேரே போக வேண்டிய சந்தியில் குடை வலது பக்கம் திரும்பியது. அது கடைக்குப் போகிற பாதையே இல்லை.

திரும்பி வந்தபோது முகம் வெயிலில் சிவந்து, சட்டை எல்லாம் வேர்வையில் ஒட்டியிருந்தது. வாப்பாவும் வந்துவிட்டார். உம்மா குடையை மடக்கி வைத்துவிட்டு, பெயின்டர் காக்காவிடம், "அந்த நீலத்தச் சொரண்டிட்டுப் புள்ள சொன்ன நிறத்தையே அடிங்க" என்றா.

"என்ன கதை கதைக்கிறாய்? அவங்களுக்கு நான் என்னத்தச் சொல்ற?" என்று வாப்பா பாய்ந்தார்.

"சொல்லியாச்சி" என்றா உம்மா.

அந்த ஒரு சொல்லோடு குசினிக்குள் போய்விட்டா. நிக்காஹுக்கு முன்னால், பெண்ணைப் பெற்றவள் தனியாக மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிப்பதா? எங்கள் ஊரில் யாரும் செய்யாத வேலை. என்ன சொன்னாய், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று வாப்பா எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தார். உம்மா மீன் கழுவினா, மசாலா அரைத்தா, அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளை பக்கத்திலிருந்து என்ன செய்தி வருமோ என்று நானும் வாப்பாவும் பயந்துகொண்டே இருந்தோம். ஒன்றும் வரவில்லை. கலியாண வேலைகள் எப்போதும் போல நடந்தன. வாப்பா மட்டும் கலியாணம் வரைக்கும் அந்தச் சுவர்களைப் பார்க்காத மாதிரியே நடமாடினார்.

கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை வந்தார். என் நிறங்களைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன். கடைசியில் வெட்கத்தை விட்டு நானே கேட்டேன். மனுசன் சுற்றிப் பார்த்துவிட்டு, "பெயின்ட் அடிச்சிருக்கா?" என்றார். விடுங்கள், அது வேறு கதை.

சில நாள் கழித்து மாமி எங்களைப் பார்க்க வந்தா. மதியம் சாப்பிட்டு முடிந்து, தையல் அறையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவ, சுவரைப் பார்த்துத் தன்பாட்டில் சிரித்தா. "ஒங்கட உம்மா அண்டைக்கு வந்த கோலம் இருக்கே மகள்..." என்று தொடங்கினா. நான் மெசினை நிறுத்திவிட்டேன்.

"வேர்த்துக் கொட்டிக்கிட்டு வந்து நிக்கிறா. குந்துங்க எண்டா குந்துறாவும் இல்ல. 'நீங்க கேட்டதுல பிழ இல்ல, எனக்கும் அது அண்டர்கோட் மாதிரித்தான் இரிக்கி. ஆனா என்ட மகள் பார்த்துப் பார்த்து எடுத்த நிறம் அது. ஊட்ட அவளுக்குக் குடுத்தாச்சி. குடுத்த ஊட்டுல நானும் நிறம் சொல்லக் கூடா, நீங்களும் சொல்லக் கூடா' எண்டா. நான் என்னத்தச் சொல்ற? சர்பத் கரைச்சிக் குடுத்தன். குடிச்சிட்டுப் போய்ட்டா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிறம் பிடித்துப்போய்த்தான் உம்மா எனக்காக நின்றா என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். மாமி போனதும் பின் வீட்டுக்கு ஓடினேன். உம்மா படியில் குந்திக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. உள்ளே பாயில் வாப்பா சரிந்திருந்தார்.

"உம்மா, மெய்யச் சொல்லுங்க. என்ட ஊட்டு நிறம் ஒங்களுக்குப் புடிக்கல்லியா?"

உம்மா என்னை நிமிர்ந்து பார்த்தா. "மெய்யச் சொல்லட்டா? கழுவிக் காயப் போட்ட மாதிரி இரிக்கி மகள்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அப்படியென்றால் எதற்கு அந்த வெயிலில் போனீர்கள் என்று கேட்டேன். உம்மா கீரைத் தண்டை முறித்து முறித்துப் போட்டபடி சொன்னா. அவவுக்கு அந்த முன் வீட்டைக் கொடுத்தபோது அவவின் வாப்பா மஞ்சள் அடித்தாராம். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் பச்சை வேண்டும் என்றார்களாம், பச்சை அடித்தார்களாம். பிறகு எங்கள் வாப்பா ரோஸ் அடித்தாராம். "அது என்ட ஊடுதான். ஆனா ஒருத்தரும் என்னக் கேக்கல்ல. நீயாவது உனக்குப் புடிச்சதுக்குள்ள இரி எண்டுதான் போனன்" என்றா. எந்தக் குறையும் இல்லாத குரலில், ஊர்ப் புதினம் சொல்வது போலத்தான் சொன்னா. அந்தக் குரல்தான் என்னை உலுக்கிவிட்டது. அந்த வீட்டில் நான் எத்தனை வருஷம் உம்மாவின் கையால் தின்று வளர்ந்தேன். அவவுக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று எனக்கும் தெரியாது.

உள்ளே பாய் சரசரத்தது. வாப்பா எழுந்து வாசலுக்கு வந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"ஒனக்கு எந்த நிறம் விருப்பம்?" என்று கேட்டார்.

உம்மா ஒரு நொடியும் யோசிக்கவில்லை. மூலையில் மூடியோடு அடுக்கிக் கிடந்த டின்களைக் கையால் காட்டினா. "அந்த நீலம்."

"இந்த நீலமா? இவ்வளவு காலமும் ஏன் ஒரு வார்த்த சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லியே."

வாப்பா சாரனை மடித்துக் கட்டினார். டின்னைத் தூக்கி வந்து, கத்தி முனையால் மூடியை நெம்பினார். பெயின்டரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். "தேவல்ல" என்றார். வாழ்க்கையில் பிரஷ் பிடித்தறியாத மனுசன், எங்கள் வாப்பா. சீமெந்துச் சுவரில் அவர் இழுத்த இழுப்பில் பாதி சுவருக்கு, பாதி தலைக்கு. உம்மா கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு, எழும்பி அவருக்குப் பின்னால் போய் நின்றா. "இஞ்ச விட்டுப் போச்சி. அந்த மூலைக்கும் போடுங்க. குசினிக்கும் அடிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தா. உம்மா அத்தனை வார்த்தை தொடர்ந்து பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். வாப்பா ஒவ்வொன்றுக்கும் "ஓம், ஓம்" என்று அடித்துக்கொண்டே போனார்.

அந்த நீலத்துக்குள் உம்மா மவுத்தாகும் வரைக்கும் இருந்தா. என் கண் கூசும். ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போது நானும் வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டுப் பின்னுக்கு வந்துவிட்டேன். அவள் முதல் வேலையாக என் தயிர் ஆடை நிறத்தின் மேல், ஹோலில் ஒரு சுவர் முழுக்கச் செங்கல் சிவப்பு அடித்திருக்கிறாள். பார்க்கும்போதெல்லாம் ஏதாவது சொல்ல நாக்கு நமநமக்கிறது. ஆனால் போன பெருநாளைக்கு வந்த சொந்தக்காரி ஒருத்தி அந்தச் சுவரைப் பார்த்து முகத்தைச் சுளித்தபோது, "அது என்ட மகள் எடுத்த நிறம்" என்று பட்டென்று சொன்னது நான்தான். தனக்குத் துளியும் பிடிக்காத நிறத்துக்காக ஒரு மனுசி உச்சி வெயிலில் குடை பிடித்துக்கொண்டு போனாவே, ஒரு வீட்டைக் கொடுப்பதென்றால் என்னவென்று அவவிடம்தான் நான் படித்தேன்.